சைபர் சட்டங்கள்: எம்.பி., எம்.எல்.ஏ.விடம் நாம் என்ன கேட்பது?

சாரல் (கோத்தகிரி)

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் கொடுக்க ஒரு மனு தயாராகிறது. யானை, கரடி, சாலை, பச்சைத் தேயிலை விலை எல்லாம் வழக்கம்போல இடம்பிடித்துவிட்டன. சைபர் பாதுகாப்பு பற்றியும் ஒரு பத்தி வேண்டும் என்றேன். "அதெல்லாம் டெல்லி சமாச்சாரம்ப்பா, நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் தலைவர். சேர்க்கலாம் என்று சொன்ன செயலாளர், எழுதும் வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார்.

எனக்கு முதலில் தோன்றுவது இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற ஒவ்வொரு வெளியூர் வண்டியும் பதிவு செய்துவிட்டுத்தான் வருகிறது. போன் நம்பர், வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், எத்தனை நாள் என்று எல்லாம் ஓர் இடத்தில் சேர்கிறது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த இது தேவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தத் தகவலை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம், கசிந்தால் யார் பொறுப்பு என்று எந்த அவையும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்து இது வரவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, வந்தது. மலையில் இருக்கிற நம்மை நேரடியாகத் தொடுகிற மிகப் பெரிய தொழில்நுட்ப ஏற்பாடே சட்டமன்றத்தைத் தொடாமல் வந்திருக்கிறது.

இதை எழுதலாமா? வேறு ஏதாவது முக்கியமா? கட்சி அரசியல் வேண்டாம், தயவுசெய்து.

கோடை வண்டி (கொடைக்கானல்)

அண்ணே, இ-பாஸ் டேட்டா பற்றி யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. எங்களுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டிதான் என்று கோர்ட் வரம்பு வைத்த பிறகு வயிற்றுப்பாடுதான் யோசனை. (உங்களுக்கு 6,000, 8,000. பெரிய மலை!)

இங்கே உண்மையான தலைவலி போலி ரூம் புக்கிங். கூகுளில் ஒரு காட்டேஜ் பெயர், நல்ல போட்டோ, ஒரு போன் நம்பர். குடும்பத்தோடு வருகிறவர்கள் பாதிப் பணம் ஜிபேயில் அனுப்பிவிட்டு ஏரிப் பக்கம் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு காட்டேஜே இருக்காது, அல்லது இருக்கும், ஆனால் அந்த நம்பர் அவர்களுடையதாக இருக்காது. நாங்கள்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு ரூம் தேடி அலைவோம். புகார் கொடுக்கச் சொன்னால், "திண்டுக்கல் சைபர் க்ரைமுக்குப் போகணுமாமே" என்று திகைத்துப்போய் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆறாயிரம் ரூபாய்க்காக யார் மலை இறங்கி ஏறுவார்கள்? எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது இதுதான்.

கறுப்புக் கோட்டு (உதகை)

இரண்டு பேரும் சொல்வது சரி. யாரிடம் எதைக் கேட்பது என்பதைப் பிரித்துக்கொண்டால் மனு வலுவாக இருக்கும்.

காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலில். சைபர் குற்றங்களுக்கான தாய்ச் சட்டம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அது நாடாளுமன்றம் இயற்றியது. ஆக, சைபர் க்ரைம் காவல் நிலையம் எங்கே இருக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது எம்.எல்.ஏ. கேட்க வேண்டிய கேள்வி. சட்டத்தின் வாசகத்தை மாற்றுவது எம்.பி. வேலை. சங்கத் தலைவர் எல்லாவற்றையும் டெல்லிக்கு அனுப்புவதில் நியாயம் இல்லை.

ஓர் உதாரணம். அந்தச் சட்டத்தின் 78ஆவது பிரிவு, இச்சட்டத்தின் கீழ் வரும் வழக்கை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கலாம் என்கிறது. முதலில் டி.எஸ்.பி. என்று இருந்தது, 2008 திருத்தத்தில் ஒரு படி இறக்கினார்கள். மலையின் சிறிய காவல் நிலையங்களில் அன்றாடம் இருப்பவர் எஸ்.ஐ.தான். அவர் நினைத்தாலும் விசாரிக்க முடியாது. இந்த ஒரு சொல்லை மாற்ற நாடாளுமன்றம்தான் வேண்டும்.

கொடைக்கானல் நண்பருக்கு: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு முறையிலும் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். திண்டுக்கல் போகாமல் புகார் வாங்க முடியாது என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். விசாரணை வேறு நிலையத்துக்கு மாறலாம், புகாரை வாங்க மறுக்க முடியாது.

அப்புறம், கட்சி அரசியல் வேண்டாம் என்றீர்கள். ஆனால் வரலாறு வேண்டும். நம் மாவட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2008 டிசம்பரில் அந்தத் திருத்த மசோதா இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் நிறைவேறியபோது துறை அமைச்சர் ஆ. ராசா. அடுத்த ஆண்டு அவர் நீலகிரியின் எம்.பி. ஆனார். ஃபேஸ்புக் பதிவுக்கெல்லாம் ஆட்களைத் தூக்கிப் போட உதவிய 66ஏ பிரிவு அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மஞ்சூர் மழை

வக்கீல் சார், பாதிக் கதையைச் சொல்லி நிறுத்தாதீர்கள். மசோதா அவைக்கு வந்தது 2006இல், அப்போது அமைச்சர் தயாநிதி மாறன். நிலைக்குழுவுக்கும் போய் வந்தது. ஓட்டெடுப்பு நாளில் எதிர்க்கட்சிகளும்தான் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, 66ஏ என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் உண்டு. ரத்து செய்த பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் 66ஏவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது. அவையில் பேசாமல் சட்டம் போட்டால், ரத்தானதும் ஸ்டேஷன் வரை போய்ச் சேராது போலிருக்கிறது.

வெலிங்டன் ரிட்டயர்டு

உங்கள் விவாதம் முழுவதும் 'அரசு நம்மைப் பார்க்கிறது' என்ற பயத்திலேயே ஓடுகிறது. நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீம்பொருள் இருந்தது. முதல் நாள் நிலையத் தரப்பு மறுத்தது, மறுநாள் அக்டோபர் 30 அன்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் சொல்லியிருக்கிறது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனி வலையமைப்பு, அது பாதிக்கப்படவில்லை என்றார்கள். சரி. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. பல நாள் கையால் சீட்டு எழுதி நோயாளிகளைப் பார்த்தார்கள். நம் பக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது, குந்தா, பைக்காரா நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. இவற்றின் மேல் கை வைப்பவன் ஆறாயிரம் ரூபாய் ரூம் புக்கிங் திருடன் அல்ல.

இப்படிப்பட்ட எதிரி முன்னால், ஒவ்வொரு விதியையும் அவையில் வைத்து மூன்று வருடம் விவாதித்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்றால் நடக்காது. 2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் உத்தரவு போட்டது: தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையத்தில் நம் இருப்பிடத்தை மறைக்க உதவும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்வி.பி.என். போன்றவர்கள் சர்வரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகட்டும். இதில் என்ன தவறு?

இலைக்கணக்கு (குன்னூர்)

சார், தவறு என்னவென்று நான் சொல்கிறேன். பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் பேக்டரி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன்.

அந்த உத்தரவு வங்கிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் மட்டும் அல்ல. சட்டத்தில் உள்ள விளக்கப்படி தனி முதலாளி நடத்துகிற வியாபாரம்கூட அதற்குள் வருகிறது. அப்படியானால் எங்கள் பேக்டரியும் வருகிறது. எங்களைப் போன்ற ஒரு பேக்டரியில் ஒரு திங்கட்கிழமை காலையில் கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடந்தது. விவசாயிகள் எடுத்து வந்த இலையின் எடைக்கணக்கு, முன்பணம், பட்டுவாடா எல்லாம் அதற்குள். அன்றைக்கு அவர்கள் ஓடியது, சப்ளையர்களின் பாஸ் புத்தகங்களைத் திரும்ப வாங்கி எடையை எழுதிச் சேர்க்க. 6 மணி நேரத்தில் டெல்லிக்கு மெயில் போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை என்று படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அப்படித்தான் மூடிக்கொண்டார்கள்.

கூடங்குளத்துக்கும் குன்னூர் பேக்டரிக்கும் ஒரே அளவுகோல். உதவிக்கு வருவது யார், எந்தத் தொலைபேசி எண், தமிழில் பேசலாமா என்று ஒன்றும் கிடையாது. சிறு தொழில்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அவகாசத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய? சர்வர் அறை கட்டவா?

ஏலம்கூட ஆன்லைனில்தான் நடக்கிறது. குன்னூரில் மின்னணுத் தேயிலை ஏலம் 2003லேயே வந்துவிட்டது. அதாவது நாங்கள் தொழில்நுட்பத்துக்குப் பயந்த ஆட்கள் இல்லை.

வெலிங்டன் ரிட்டயர்டு

சின்ன நிறுவனங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். 6 மணி நேரக் கெடு வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பேக்டரியைப் பூட்டியவன் அதே வாரம் வேறு எத்தனை பேரைப் பூட்டினான் என்பது, அவர்கள் சொன்னால்தானே தெரியும்?

ஷோலா (குன்னூர், வீட்டிலிருந்து வேலை)

ரிட்டயர்டு சார், அவசரத்துக்கு அரசாணை தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இப்போது எல்லாமே அவசரம் ஆகிவிட்டது.

2025 நவம்பர் 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறை, இனி விற்கிற எல்லா செல்போனிலும் தொலைந்த போன், மோசடி அழைப்பு பற்றிப் புகார் செய்வதற்கான அரசின் 'சஞ்சார் சாத்தி' செயலியை முன்கூட்டியே ஏற்றி விற்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. விஷயம் வெளியே வந்து சத்தம் கிளம்பியதும், டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் இல்லை என்று வாபஸ். அதே காலத்தில் இன்னோர் உத்தரவு: வாட்ஸ்அப் போன்ற செயலிகள் சிம் கார்டு போனில் இருந்தால்தான் ஓட வேண்டும், கணினியில் திறந்திருந்தால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து நம் எண்ணில் ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க என்றார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் சிம் ஒரு போனிலும் வாட்ஸ்அப் இன்னொன்றிலும் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இந்த மலையில் எத்தனை பேர்! இப்படி ஒன்று வரப்போகிறது என்று எந்த எம்.பி.க்காவது முன்கூட்டி ஒரு காகிதம் போயிருக்குமா?

இந்த அதிகாரத்தின் ஊற்று தொலைத்தொடர்புச் சட்டம் 2023. அது நிறைவேறிய வாரம், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு வெளியே நின்றார்கள்.

உத்தரவு என்றாலே கெட்டது என்றும் சொல்ல வரவில்லை. சி.சி.டி.வி. கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று 2024 ஏப்ரலில் அறிவித்து, ஓராண்டு அவகாசம் கொடுத்து 2025 ஏப்ரலில் அமல்படுத்தினார்கள். நல்ல காரியம். பிரிட்டனில் இதையே நாடாளுமன்றச் சட்டமாகச் செய்தார்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது, எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவாய் என்று வாங்குகிறவனுக்குச் சொல், இல்லாவிட்டால் விற்காதே. 2024 ஏப்ரல் 29 முதல் அமல். வாங்குகிறவன் தலையில் போடாமல் விற்கிறவனிடம் கேட்கிற சட்டம். இங்கே எஸ்டேட் பங்களா கேமராக்களில் பாதிக்கு இன்னும் பாஸ்வேர்டு 'அட்மின்'தான் என்று நினைக்கிறேன், போய்ப் பார்க்கவில்லை.

பன்னீர் ரோஜா டீச்சர் (கூடலூர்)

சட்டமன்றத்தால் ஒன்றும் முடியாது என்ற சங்கத் தலைவருக்கு ஆன்லைன் ரம்மிக் கதையைச் சொல்லுங்கள். முடிந்தது, முடியவில்லை இரண்டும் அதில் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திறமை விளையாட்டையும் சூதாட்டத்தையும் ஒன்றாகப் போட்டு மொத்தமாகத் தடுத்தது செல்லாது என்றது. அடுத்த முறை அரசு கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, அறிக்கை வாங்கி, அக்டோபர் 19இல் புதிய மசோதாவை நிறைவேற்றினார்கள். ஆளுநர் மாதக் கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் அவை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டு என்று அவற்றைத் தடையிலிருந்து எடுத்துவிட்டது. எந்த விளையாட்டுக்காகச் சட்டம் போட்டார்களோ அதுவே வெளியே.

அத்தோடு விட்டிருந்தால் தோல்விக் கதை. விடவில்லை. அந்தச் சட்டம் உருவாக்கிய ஆணையம் 2025இல் விதிகள் போட்டது: ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்குக் கீழே கிடையாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை விளையாட முடியாது. கம்பெனிகள் வழக்குப் போட்டன, ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. தடுக்க முடியாததை நெறிப்படுத்தி, நடுராத்திரியில் தோட்டத் தொழிலாளியின் போனில் சம்பளம் கரைவதற்கு ஒரு கதவைச் சாத்தினார்கள். தூக்கத்தைக் காப்பாற்றுகிற சட்டம் என்று நான் சொல்வேன்.

அதன்பின் ஆகஸ்ட்டில் மத்திய அரசு வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். மாநிலம் நான்கு வருடம் தடுக்கி விழுந்து கற்ற பாடத்தை அவர்கள் மூன்று நாளில் தாண்டிவிட்டார்கள். தடை நல்லதுதான் என்று என் பள்ளியில் பல பெற்றோர் சொல்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இங்கே மூன்று மாநிலச் சந்திப்பில் இருக்கிறோம். தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை, கேரளாவில் அரசே விற்கிறது. தடை போட்டால் பழக்கம் எல்லை தாண்டி எங்கே போகும் என்று பார்த்த ஊர் இது. ஆன்லைனில் எல்லைச் சாவடிகூடக் கிடையாது.

கோடை வண்டி (கொடைக்கானல்)

டீச்சர் சொன்ன 12 முதல் 5 விதி உண்மையில் நன்றாக இருந்தது. டாக்ஸி ஸ்டாண்டில் பசங்க ராத்திரி தூங்க ஆரம்பித்தார்கள். ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. போன பணம் திரும்ப வருமா, வராதா?

கறுப்புக் கோட்டு (உதகை)

அந்தக் கேள்விதான் மனுவின் நடுவில் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நம் சட்டமியற்றுபவர்கள் சைபர் என்றாலே இரண்டு காரியம்தான் செய்கிறார்கள். புதிய குற்றம், அல்லது அரசுக்குப் புதிய அதிகாரம். நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும் என்ற கேள்வியை அவையில் எழுப்புவதே அபூர்வம்.

இருப்பதைச் சொல்கிறேன். பணம் போன உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அதுதான் வழி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. உங்களுக்கே தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்து, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாவிட்டால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. ஆனால் ஓ.டி.பி.யை நீங்களே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் உங்கள் நஷ்டம். போலி ரூம் புக்கிங், போலீஸ் போல வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் இரண்டிலும் பணத்தை அனுப்பியவர் நீங்களே. அங்கே இந்தப் பாதுகாப்பு கை கொடுக்காது.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கி பாதி. அந்த இரண்டாவது பாதிதான் விஷயம். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் முதல், போலி இணையதள மோசடிகளில் வங்கியும் தொலைபேசி நிறுவனமும் தங்கள் கடமையைச் செய்யத் தவறினால் நஷ்டத்தை அவர்கள் ஏற்க வேண்டும்.

நம் பக்கம் எதிர்த் திசையில் போகிறது. தகவலைப் பாதுகாக்காமல் விட்ட நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஐ.டி. சட்டத்தில் 43ஏ பிரிவு இருக்கிறது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை நீக்கச் சொல்கிறது. பதிலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தலைப்புச் செய்தி. அபராதம் போவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. உங்கள் எண்ணும் விலாசமும் கசிந்தால் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது.

சாரல் கேட்ட இ-பாஸுக்கும் இங்கே பதில் இருக்கிறது. சட்டப்படியான பணிக்காக அரசு தகவலைக் கையாளும்போது சம்மதம் கேட்கத் தேவையில்லை என்கிறது 7ஆவது பிரிவு. அதற்காகப் பாதுகாக்கும் பொறுப்பு போய்விடாது. அரசு அமைப்புகளுக்கு 17ஆவது பிரிவில் முழு விலக்கு கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்குத் தனி அறிவிக்கை வேண்டும், நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணம் வேண்டும். சுற்றுலா வண்டிக் கணக்கு அதில் அடங்கும் என்று யாரும் வாதாட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கவுன்ட்டர் நம்பர் மூன்று

வங்கியில் வேலை செய்கிறேன், எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

வக்கீல் சார், எல்லா நஷ்டத்தையும் வங்கி தலையில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அண்ணன் தம்பிக்கு அனுப்பிவிட்டு ஏமாந்துவிட்டேன் என்று வந்து நிற்பார்கள். அதைச் சரிபார்க்க, நாங்கள் ஒவ்வொரு பெரிய பரிமாற்றத்தையும் நிறுத்திவைப்போம். ஏப்ரல், மே சீசனில் உங்கள் ஹோம்ஸ்டே அட்வான்ஸ் இரண்டு நாள் கழித்து வந்தால் முதலில் சண்டைக்கு வருவது நீங்கள்தான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாடகைக்கு விடப்படும் கணக்குகள், மியூல் அக்கவுன்ட் என்கிறோம், அவை வங்கி நினைத்தால் கண்டுபிடிக்கக்கூடியவை. மாதம் எட்டாயிரம் புழங்கிய கணக்கில் ஒரே மதியத்தில் பல லட்சம் வந்து பத்து நிமிடத்தில் காலியானால், அதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. 2025 டிசம்பரில் டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை சி.பி.ஐ.யிடம் கொடுத்தபோது, உச்ச நீதிமன்றமே இந்தக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ஏ.ஐ.யைப் பயன்படுத்துவது பற்றி ரிசர்வ் வங்கியிடம் கேட்டது. புதிய கணக்கு திறக்க எங்களுக்கு இலக்கு கொடுக்கிறார்கள், சந்தேகக் கணக்கை மூடியதற்கு யாரும் பாராட்டுவதில்லை. வாங்கிய வங்கி பாதி தர வேண்டும் என்று ஒரு விதி வந்தால் அந்த இலக்கு தலைகீழாகும். அந்த அளவுக்கு நான் உங்கள் பக்கம்.

மஞ்சூர் மழை

எல்லாம் சரி. எம்.பி.யால் என்ன முடியும் என்று யதார்த்தமாகப் பார்ப்போம். தனிநபர் மசோதா என்று ஒன்று உண்டு, அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவருவது. விழுப்புரம் எம்.பி. ரவிக்குமார் 2019இல் தனிநபர் தரவுக்காக அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். அரசு மசோதா அல்லாத மசோதா சட்டமானது கடைசியாக 1970இல். அதனால் மனுவில் 'சட்டம் கொண்டு வாருங்கள்' என்று எழுதினால் அவர் புன்னகையோடு வாங்கி வைத்துக்கொள்வார்.

கேள்வி நேரத்தில் எழுத்துப்பூர்வமாக ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள். துறை பதில் தந்தே ஆக வேண்டும். நீலகிரியிலும் திண்டுக்கல்லிலும் 1930க்குப் போன புகார் எத்தனை, நிறுத்திவைத்த பணம் எவ்வளவு, உரியவருக்குத் திரும்பியது எவ்வளவு. அந்த மூன்றாவது எண்ணை வாங்கினாலே போதும்.

ஷோலா (குன்னூர்)

கேள்வி போடவும் விஷயம் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டுமே. அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1972 முதல் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்று இருந்தது, உறுப்பினர்களுக்குக் கட்சி சாராமல் விளக்கம் எழுதிக் கொடுக்க. செலவு என்று 1995இல் மூடினார்கள். 2018இல் ஃபேஸ்புக் முதலாளியை வரவழைத்து, இலவசமாகக் கொடுத்தால் எப்படிப் பிழைக்கிறீர்கள் என்று ஒரு செனட்டர் கேட்டதும், அவர் விளம்பரம் போடுகிறோம் என்றதும் உலகமே பார்த்த காட்சி. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 1989இல் தொடங்கியது இன்னும் இயங்குகிறது. நம்மிடம் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. கோவையில் இத்தனை பொறியியல் கல்லூரி இருக்கிறது, நம் எம்.பி. நினைத்தால் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாதா?

வெலிங்டன் ரிட்டயர்டு

நான்கு பேரில் ஒருவர் மின் நிலையப் பாதுகாப்பு தெரிந்தவராக இருக்கட்டும். எல்லோரும் ஆப் எழுதுகிறவர்களாக இருந்தால் எனக்கு ஒப்புதல் இல்லை.

சாரல் (கோத்தகிரி)

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

எம்.எல்.ஏ.வுக்கு: கூடலூர், குன்னூர், கொடைக்கானல் காவல் நிலையங்களில் வாரம் ஒரு நாளாவது சைபர் புகார் வாங்கி வழிகாட்ட பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். இ-பாஸ் தகவலை எத்தனை நாளில் அழிக்கிறீர்கள் என்று அரசு பதிவுப் பக்கத்திலேயே தமிழில் எழுத வேண்டும்.

எம்.பி.க்கு: மஞ்சூர் மழை சொன்ன மூன்று எண்கள் கொண்ட கேள்வி. திருடனின் கணக்கு இருந்த வங்கி நஷ்டத்தில் பங்கேற்க வேண்டும் என்று நிதித் துறை நிலைக்குழுவிடம் ஒரு கடிதம். சிறு தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு செர்ட்-இன் உத்தரவில் தனி நடைமுறை, தமிழில் உதவி எண்.

78ஆவது பிரிவைச் சேர்க்கவில்லை. எஸ்.ஐ.க்கு அதிகாரம் கொடுப்பது நல்லதா என்று எனக்கே தெளிவில்லை, 66ஏ கதை படித்த பிறகு.

கறுப்புக் கோட்டு (உதகை)

78ஐ விட்டது எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் உங்கள் மனு. "பயிற்சி பெற்ற ஆள்" என்பதை "பயிற்சி பெற்ற காவலர்" என்று மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு தன்னார்வலரை உட்கார வைத்துவிட்டுச் செய்துவிட்டோம் என்பார்கள்.

பன்னீர் ரோஜா டீச்சர் (கூடலூர்)

பந்தலூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து உதகை போய் வர ஒரு நாள் கூலி போய்விடும்.

கோடை வண்டி (கொடைக்கானல்)

எங்கள் எம்.எல்.ஏ. வேறு, எம்.பி.யும் வேறு. நாங்கள் பழனித் தொகுதி, திண்டுக்கல் எம்.பி. அந்த இரண்டு பேருக்கும் தனிப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், டாக்ஸி சங்க லெட்டர்பேடில். வேர்ட் ஃபைலாக அனுப்புங்கள் அண்ணே, போட்டோ எடுத்து அனுப்பினால் டைப் அடிக்க ஆள் இல்லை.